முழுத்திரைக்குப் போய்த் திரும்பும்போது உலாவிச் சாளரம் ஏன் குலைகிறது?

உலாவியில் வீடியோவை முழுத்திரைக்கு மாற்றினால் அடியில் ஒரு வெள்ளைக் கோடு நிற்கிறது. திரும்பி வந்தால் தாவல்களின் மேல்விளிம்பு திரைக்கு வெளியே போயிருக்கிறது. சில கணினிகளில் பணிப்பட்டை படத்தின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறது. வேறு சிலவற்றில் பழைய பக்கமே ஒரு கணம் இழுபட்டுப் பெரிதாகித் தெரிந்து, பிறகு சரியாகிறது. கேட்டால் "கிராஃபிக்ஸ் கார்டு கோளாறு" என்பார்கள், அல்லது "உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்பார்கள். பெரும்பாலான வேளைகளில் இந்த இரண்டு யோசனைகளும் நோய் இல்லாத இடத்தில் மருந்து தடவுகின்றன.

முழுத்திரை ஒரு பொத்தானின் வேலை போலத் தெரிகிறது. உள்ளே நான்கு தரப்புகள் ஒரே அளவை ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். எல்லோரும் கையெழுத்திட்டால்தான் செல்லும் கூட்டுப் பத்திரத்தைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு தரப்பு பழைய அளவையே பிடித்துக்கொண்டிருந்தால் அந்த முரண் திரையில் கோடாகவோ கறுப்பாகவோ வெட்டாகவோ வெளிப்படும். ஆகவே கோளாறு எந்த வடிவத்தில் தோன்றுகிறது என்று கவனித்தால், எந்தத் தரப்பு பிசகியது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

## இரண்டு வகை முழுத்திரை

1. எஃப்11 விசையை அழுத்தினால் வருவது முதல் வகை. உலாவியே தன் முகவரிப் பட்டையையும் தாவல்களையும் மறைத்துக்கொண்டு திரை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இதில் இணையப் பக்கத்துக்குப் பங்கில்லை. தனக்குக் கிடைத்த இடம் பெரிதாகிவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வெளியேறவும் எஃப்11 விசையைத்தான் அழுத்த வேண்டும்.

2. வீடியோவின் மூலையிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் வருவது இரண்டாம் வகை. பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல், தன் உறுப்புகளில் ஒன்றை மட்டும் திரை முழுவதும் காட்டும்படி உலாவியைக் கேட்கிறது. உலாவி சம்மதித்தால் காட்டும். எஸ்கேப் விசையை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

இரண்டாம் வகைக்கான நிரல் இடைமுகம் 2011, 2012 ஆண்டுகளில் சஃபாரி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் வந்தது. அப்போது ஒவ்வோர் உலாவிக் குடும்பமும் தன் முன்னொட்டைச் சேர்த்து வெவ்வேறு பெயரில் அதை அழைத்தது. முன்னொட்டு இல்லாத பொதுப் பெயருக்கு குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2018 இறுதியில்தான் வந்து சேர்ந்தன. சஃபாரி 2023 வரை எடுத்துக்கொண்டது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் பல தளங்களில் ஓடுகின்றன. ஓர் உலாவியில் சரியாக இருக்கும் முழுத்திரை இன்னொன்றில் தடுமாறுவதற்கு இந்தப் பழைய சரக்கும் ஒரு காரணம்.

இரண்டு வகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் பயன்படுத்த முடியும். எஃப்11 அழுத்தி முழுத்திரையில் இருக்கும்போதே வீடியோவின் பொத்தானை அழுத்தலாம். பிறகு எஸ்கேப் அழுத்தினால் எங்கே திரும்ப வேண்டும்? எஃப்11 நிலைக்குத்தான், சாதாரணச் சாளரத்துக்கு அல்ல. அதற்கு உலாவி இரண்டு நிலைகளையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் தாவல் பட்டை இல்லாத சாளரம், அல்லது தாவல் பட்டையோடு கூடிய முழுத்திரை என்று இரண்டும்கெட்டான் நிலைகள் உருவாகின்றன. அப்படி அகப்பட்டுக்கொண்டால் எஃப்11 விசையை நிதானமாக இரண்டு முறை அழுத்துவது பல நேரங்களில் பலன் தரும். உலாவி தன் கணக்கை முதலிலிருந்து எழுதிக்கொள்ள அது வழிவிடுகிறது.

## நான்கு தரப்புகள் யார்?

1. பக்கம். எழுத்து, படம், வீடியோ எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்று கணக்கிட்டு வரையும் பகுதி. இன்றைய உலாவிகளில் இது தனிச் செயல்முறையாக, அதாவது மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்து இயங்கும் நிரலாக, ஓடுகிறது. குரோம் 2008-இல் வெளியானதிலிருந்தே இப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸ் 2016 முதல் படிப்படியாக இதற்கு மாறியது.

2. உலாவியின் தலைமைச் செயல்முறை. தாவல்கள், முகவரிப் பட்டை, சாளரம் ஆகியவற்றின் பொறுப்பாளர். சாளரத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று இயங்குதளத்தைக் கேட்பதும் இதுதான்.

3. இயங்குதளத்தின் சாளர மேலாளர். எந்தச் சாளரம் எங்கே, எந்த அளவில், எதற்கு மேல் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது. பணிப்பட்டையும் இதன் ஆளுகையில் இருக்கிறது.

4. திரைச் சேர்ப்பி. எல்லாச் சாளரங்களின் படங்களையும் ஒன்றுசேர்த்து ஒரே காட்சியாகத் திரைக்கு அனுப்புவது. விண்டோஸில் இது விஸ்டா காலத்தில் வந்தது. விண்டோஸ் 8 முதல் இதை அணைக்கவே முடியாது. கிராஃபிக்ஸ் கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இந்தத் தரப்பின் கைகள்.

சாளரத்தின் அளவு என்ன என்ற கேள்விக்கு இந்த நால்வரிடமும் தனித்தனி விடை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஒருவரிடம் மாறியது மற்றவருக்குச் செய்தியாகப் போய்ச் சேர வேண்டும். செய்தி போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

## அந்த அரை நொடியில் நடப்பது

பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. முழுத்திரைப் பொத்தானை அழுத்தியதும் நடக்கும் வேலைகளை இந்த அளவுகோலில் பார்க்க வேண்டும்.

1. பக்கம் உலாவித் தலைமையிடம் கோரிக்கை வைக்கிறது.
2. தலைமை, சாளரத்தின் விளிம்புகளை நீக்கிப் பெரிதாக்கும்படி இயங்குதளத்திடம் சொல்கிறது.
3. இயங்குதளம் சாளரத்தைப் பெரிதாக்கிவிட்டுப் புதிய அளவைத் திருப்பிச் சொல்கிறது.
4. தலைமை அந்த அளவைப் பக்கத்துக்கு அனுப்புகிறது.
5. பக்கம் எல்லாவற்றையும் புதிதாக இடம்பிரித்து, வரைந்து, சேர்ப்பியிடம் கொடுக்கிறது.

மூன்றாவது படியில் சாளரம் பெரிதாகிவிட்டது. ஐந்தாவது படி முடியும்வரை அதில் காட்டப் புதிய படம் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் உலாவிக்கு மூன்றே வழிகள்: பழைய படத்தை இழுத்துப் பெரிதாக்கலாம், பழைய படத்தை மூலையில் வைத்து மீதியை ஒரே நிறத்தால் நிரப்பலாம், எதையுமே காட்டாமல் காத்திருக்கலாம். முதல் வழிதான் நமக்கு இழுபட்ட படமாகத் தெரிகிறது, இரண்டாவது வெள்ளை அல்லது கறுப்புப் பட்டையாக, மூன்றாவது உறைந்த சாளரமாக. பக்கம் கனமானது என்றாலோ கணினி மெதுவானது என்றாலோ அந்த இடைவெளி பத்து இருபது காட்சிகள் வரை நீள்கிறது, கண் அதைப் பிடித்துவிடுகிறது.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. பக்கம் கேட்டு வரும் முழுத்திரைக்கு மாறும்போது அது திரையைக் கறுப்பாக மங்கவைத்து, அந்த இருட்டுக்குள் அளவு மாற்றத்தை முடித்துக்கொண்டு, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. மங்க 200 மில்லிநொடி, தெளிய 200 மில்லிநொடி என்பது அதன் இயல்பு அமைப்பு. பலரும் இதைச் சுமை என்று நினைத்து மேம்பட்ட அமைப்புகளில் சுழியமாக்கிவிடுகிறார்கள். சுழியமாக்கியபின், அதுவரை மறைந்திருந்த குலைவு கண்ணுக்குத் தெரிகிறது; "புதிய பதிப்பு வந்ததிலிருந்து திரை மினுக்குகிறது" என்று புகார் எழுகிறது.

இதிலிருந்து முதல் பிரித்தறிதல் கிடைக்கிறது. கோளாறு ஒரு கணம் தோன்றித் தானே மறைந்தால் அது செய்தி தாமதம். பழுது என்று அஞ்ச வேண்டியதில்லை. நின்றுகொண்டே இருந்தால்தான் யாரோ ஒருவரிடம் தவறான அளவு பதிந்துவிட்டது என்று பொருள்.

## விண்டோஸின் எட்டு பிக்சல் ரகசியம்

நின்றுவிடும் கோளாறுகளில் விண்டோஸ் பயனர்கள் அதிகம் பார்ப்பது, திரும்பி வரும்போது சாளரத்தின் மேல்பகுதி வெட்டுப்படுவது, அல்லது நான்கு பக்கமும் மெல்லிய சட்டம் தெரிவது. இதன் வேர், விண்டோஸ் ஒரு சாளரத்தைத் திரைநிறையப் பெரிதாக்கும் முறையில் இருக்கிறது.

1920×1080 திரையில், பெருக்க அளவு (எழுத்தும் படமும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) 100 சதவீதமாக இருக்கும்போது, விண்டோஸ் 10-இல் ஒரு சாளரத்தைப் பெரிதாக்கினால் அது இடமும் மேலும் சுழியத்தில் தொடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது இடமும் மேலும் கழித்தல் 8-இல் தொடங்கி, வலமாக 1928 வரையும் கீழே 1048 வரையும் போகிறது. பணிப்பட்டை அடியில் 40 பிக்சல் எடுத்துக்கொள்வதால் சாளரத்துக்கு உரிய இடம் 1040 வரைதான். ஆக, நான்கு பக்கமும் எட்டெட்டு பிக்சல் மிகுதி. சாளரத்தை இழுத்து அளவு மாற்ற உதவும் விளிம்பின் தடிமன் அது. பெரிதாக்கிய சாளரத்தை யாரும் விளிம்பைப் பிடித்து இழுக்கப் போவதில்லை என்பதால், விண்டோஸ் அந்த விளிம்பைத் திரைக்கு வெளியே தள்ளி ஒளித்துவிடுகிறது.

பழைய செயலிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. தலைப்புப் பட்டையை விண்டோஸே வரைந்தது, கணக்கையும் அதுவே பார்த்துக்கொண்டது. உலாவிகள் தாவல்களைத் தலைப்புப் பட்டையின் இடத்துக்கே ஏற்றிய பிறகு, அந்தப் பகுதியை உலாவியே வரைய வேண்டியதாயிற்று. எட்டு பிக்சலைக் கழிக்கும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. விதி இப்படி:

1. சாதாரணச் சாளரம் என்றால் கழிக்கக் கூடாது.
2. பெரிதாக்கிய சாளரம் என்றால் நான்கு பக்கமும் எட்டு கழிக்க வேண்டும்.
3. முழுத்திரை என்றால் கழிக்கக் கூடாது. ஏனெனில் இப்போது விளிம்பே இல்லை. சாளரம் சரியாக 0-இலிருந்து 1920 வரை, 0-இலிருந்து 1080 வரை இருக்கிறது.

பெரிதாக்கிய நிலையிலிருந்து முழுத்திரைக்குப் போகும்போது கழிப்பதை நிறுத்த மறந்தால், படத்தைச் சுற்றி எட்டு பிக்சல் சட்டம் தெரியும். திரும்பி வரும்போது மறுபடி கழிக்க மறந்தால், தாவல்களின் உச்சி எட்டு பிக்சல் வெட்டுப்படும். பெருக்க அளவை 150 சதவீதமாக வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் அதற்கேற்பப் பெரிதாகும். சட்டமோ வெட்டோ நான்கு பக்கமும் ஒரே தடிமனில் இருந்தால், குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, உலாவியின் விளிம்புக் கணக்குதான் என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம்.

குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மூலநிரலில் இன்னொரு சுவையான குறிப்பு நெடுங்காலம் இருந்தது. சாளரம் பெரிதாக்கிய நிலையில் இருந்தால் விண்டோஸ் பணிப்பட்டையை மறைப்பதில்லை போலிருக்கிறது. ஆகவே முதலில் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு முழுத்திரையாக்குகிறோம் என்பது அதன் சாரம். பெரிய சாளரம் ஒரு கணம் சிறிதாகி, பிறகு திரையை நிறைப்பதைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்றே எண்ணியிருப்பார்கள். அது இயங்குதளத்தின் நடத்தைக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றே போட்ட சுற்றுவழி. சுற்றுவழி என்றால் திரும்பும் பாதையும் நீளும்: முன்பு பெரிதாக இருந்தோமா, எந்த இடத்தில் எந்த அளவில் இருந்தோம், எந்த விளிம்புப் பாணி இருந்தது என்று அத்தனையும் குறித்துவைத்து, திரும்பும்போது அதே வரிசையில் மீட்க வேண்டும்.

## இறங்க மறுக்கும் பணிப்பட்டை

பணிப்பட்டை மற்ற எல்லாச் சாளரங்களுக்கும் மேலே இருக்கும்படி அமைக்கப்பட்டது. முழுத்திரைச் சாளரம் ஒன்று முன்னால் வந்தால் மட்டும் அது கீழே இறங்க வேண்டும். முன்னால் வந்தது முழுத்திரைதானா என்று விண்டோஸ் எப்படி அறிகிறது? பெரும்பாலும் ஊகம்தான்: முன்னணியில் உள்ள சாளரம் திரையை ஒரு பிக்சல் விடாமல் மூடுகிறதா என்று பார்க்கிறது. செயலி வெளிப்படையாக அறிவிப்பதற்கும் தனி வழி இருக்கிறது.

ஊகம் என்பதால் இரு பக்கமும் தவறு நேரும். முழுத்திரையை முழுத்திரை என்று உணராமல் போனால் பணிப்பட்டை படத்தின் மேலேயே நிற்கும். அப்போது டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்தால் பணிப்பட்டை புதிதாகக் கணக்கெடுத்துக்கொள்ளும். உலாவியைத் தொடவே வேண்டியதில்லை.

மறுபக்கத் தவறு இன்னும் நுட்பமானது. பணிப்பட்டை தானே மறையும்படி அமைத்திருப்பவர்களின் கணினியில், பெரிதாக்கிய உலாவி திரை முழுவதையும் மூடிவிடும். விண்டோஸ் அதை முழுத்திரை என்று எண்ணிவிட்டால், சுட்டியைக் கீழே கொண்டுபோனாலும் பணிப்பட்டை எழும்பி வராது. இதைத் தவிர்க்கவே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பணிப்பட்டை இருக்கும் ஓரத்தில் ஓரிரு பிக்சலை வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. அந்த இடைவெளி பெரிதாக்கிய நிலைக்கு மட்டும் உரியது. முழுத்திரைக்கு மாறும்போது அதை நீக்கத் தவறினால், ஒரே ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு தெரியும். பின்னாலிருக்கும் மேசைத்தளமோ வேறு சாளரமோ அதன் வழியே எட்டிப்பார்க்கும். நான்கு பக்கச் சட்டத்துக்கும் ஒரு பக்கக் கோட்டுக்கும் காரணம் வேறு வேறு என்பது இதனால்தான்.

## பின்னங்கள் தரும் கோடு

எல்லாக் கோடுகளுக்கும் பணிப்பட்டை காரணமல்ல. பக்கங்கள் தம் அளவுகளைத் திரையின் பிக்சலில் கணக்கிடுவதில்லை. இயங்குதளத்தின் பெருக்க அளவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணில் கணக்கிடுகின்றன. 1920×1080 திரையை 125 சதவீதத்தில் வைத்தால் பக்கத்துக்குத் தெரிவது 1536×864. இரண்டும் முழு எண்கள், சிக்கலில்லை. 1366×768 மடிக்கணினித் திரையை அதே 125 சதவீதத்தில் வைத்தால் 1092.8×614.4 வரும். இங்கே யாராவது முழு எண்ணாக்க வேண்டும். ஒரு தரப்பு மேல்நோக்கியும் இன்னொன்று கீழ்நோக்கியும் முழுமையாக்கினால் ஓரத்தில் ஒரு பிக்சல் அனாதையாக நிற்கும்.

1366×768 திரைக்கு இன்னொரு வினையும் உண்டு. 16:9 வீடியோ 768 உயரத்தில் 1365.33 அகலம்தான் எடுக்கும். மீதமுள்ள முக்கால் பிக்சலுக்கும் குறைவான இடத்தை எந்த உலாவியாலும் படத்தால் நிரப்ப முடியாது. அங்கே பின்னணி நிறம் எட்டிப்பார்க்கும். கறுப்பாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், வெள்ளையாக இருந்தால் உறுத்தும்.

சோதனை எளிது: பெருக்க அளவை 100 சதவீதத்துக்கு மாற்றிப் பாருங்கள். கோடு மறைந்தால் அது முழுமையாக்கலின் பிழை. வெவ்வேறு பெருக்க அளவுள்ள இரண்டு திரைகளை இணைத்திருப்பவர்கள் ஒரு திரையை மட்டும் இணைத்து இதையே செய்து பார்க்க வேண்டும்.

## லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் செயலிகளின் சாளரங்களைத் திரையில் காட்ட, பழைய எக்ஸ்11 முறையும் புதிய வேலண்ட் முறையும் அருகருகே வாழ்கின்றன. எக்ஸ்11-இல் உலாவி முழுத்திரைக்கான கோரிக்கையை அனுப்பும். சாளர மேலாளர் அதை ஏற்றுக்கொண்டதைத் தனிச் செய்தியாகவும் புதிய அளவை இன்னொரு செய்தியாகவும் அனுப்பும். எது முன், எது பின் என்பதற்கு உறுதியில்லை. "நீ இப்போது முழுத்திரை" என்ற செய்தி வந்தபோது அளவு பழையதாகவே இருந்தால், உலாவி அந்தப் பழைய அளவுக்கு வரைந்துவிடும்.

வேலண்ட் இந்தக் கட்டத்தில் தெளிவானது. நிலையும் அளவும் ஒரே செய்தியில் வருகின்றன. உலாவி அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் அனுப்பி, புதிய அளவில் வரைந்த படத்தைக் கொடுத்த பிறகே மாற்றம் திரைக்கு வருகிறது. ஒவ்வொரு காட்சியும் குறையின்றி இருக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் நோக்கம். ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் வெளியான 121-ஆம் பதிப்பிலிருந்து வேலண்டையே இயல்பாகப் பயன்படுத்துகிறது. ஆயினும் நிழலும் விளிம்பும் உலாவியே வரையும் சூழலில், முழுத்திரைக்குப் போகும்போது நிழலுக்கு ஒதுக்கிய இடத்தை நீக்க மறக்கும் பிழை இங்கும் வரலாம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இயங்குதளத்தின் தலைப்புப் பட்டையைப் பயன்படுத்தும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கியதும் கோளாறு போய்விட்டால், உலாவி தானே வரையும் விளிம்பில்தான் பிழை என்று முடிவுகட்டலாம்.

மேக்கில் 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து முழுத்திரைச் சாளரம் தனி மேசைத்தளத்துக்கே நகர்கிறது. நகரும் அசைவை இயங்குதளம் ஓட்டுகிறது. அசைவு முடியும்வரை உலாவி பொறுத்திருக்க வேண்டும். விசையைப் படபடவென்று இரண்டு மூன்று முறை அழுத்துபவர்களுக்கே அங்கே பெரும்பாலும் சிக்கல் வருகிறது.

## படம் கறுப்பு, ஒலி மட்டும்

விளிம்புகளெல்லாம் சரியாக இருக்கின்றன, ஒலியும் வருகிறது, படம் மட்டும் கறுப்பாகவோ மினுக்கியோ தெரிகிறது என்றால் சந்தேகம் நான்காம் தரப்பான சேர்ப்பி, கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் ஆகியவற்றின்மேல் விழ வேண்டும். முழுத்திரை வீடியோவைச் சேர்ப்பியின் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு காட்சியையும் ஒருமுறை கூடுதலாக நகலெடுக்க நேரிடும், மின்சாரம் வீணாகும். ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு வீடியோவைத் தனி அடுக்காக எடுத்து நேரே திரைக்கு அனுப்புகிறது. மடிக்கணினியின் பேட்டரி நீடிக்க இது பெரிதும் உதவுகிறது. ஆனால் முழுத்திரைக்குப் போகும் கணத்திலும் திரும்பும் கணத்திலும் பாதை மாற்றம் நடக்கிறது. டிரைவரில் பிழை இருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

461.09 பதிப்பு முதலான டிரைவர்களில், சில கணினிகளில் சாளர அளவை மாற்றும்போது செயலிகள் மினுக்கலாம் என்று கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவே அறிவித்து, விண்டோஸின் இந்தப் பல்லடுக்கு முறையை நிறுத்தும் ரெஜிஸ்ட்ரி கோப்பை (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் கோப்பு) வெளியிட்டது. "கிராஃபிக்ஸ் கார்டு கோளாறு" என்ற பொது விடை பொருந்தும் இடம் இதுதான். உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை (வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) நிறுத்திவிட்டு உலாவியை மறுபடி தொடங்கிப் பாருங்கள்; சரியானால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். முடுக்கத்தை நிரந்தரமாக நிறுத்திவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடியோவின் சுமை முழுவதும் சிபியூவின் மேல் விழுந்து கணினி சூடாகும்.

## பக்கமே பிசகும் இடம்

ஒரே ஒரு தளத்தில் மட்டும் கோளாறு தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். முழுத்திரை நிலை மாறியது என்ற அறிவிப்பு வந்ததும் உடனே அளவெடுத்து, அந்த எண்ணையே கடைசிவரை பயன்படுத்தும் நிரல்கள் உண்டு. இன்றைய செந்தரத்தின்படி அளவு மாற்ற அறிவிப்பு முதலிலும் முழுத்திரை அறிவிப்பு அடுத்தும் ஒரே காட்சிக்குள் வர வேண்டும்; பழைய உலாவிகளில் இந்த ஒழுங்கு இல்லை. மேலும் எஃப்11 அழுத்தினால் முழுத்திரை அறிவிப்பே பக்கத்துக்கு வராது, அளவு மாற்றம் மட்டுமே வரும். அறிவிப்பை மட்டும் நம்பி எழுதிய விளையாட்டுகளும் வரைபடங்களும் எஃப்11-இல் குலைந்து, தம் சொந்தப் பொத்தானில் ஒழுங்காக இருப்பது இதனால்தான். நிரலாளர்கள் தம் உறுப்பின் அளவைத் தொடர்ந்து கவனிக்கும்படி எழுதினால் இரண்டு வழிகளும் ஒன்றாகவே நடக்கும்.

## கோளாறு போலத் தெரிந்தாலும் கோளாறு அல்லாதவை

1920×1200 திரையில் 16:9 வீடியோ 1080 உயரம்தான் எடுக்கும். மேலும் கீழும் அறுபது பிக்சல் கறுப்பு இருந்தே தீரும். 2021 முதல் வந்த மேக்புக் புரோக்களில் கேமரா வெட்டின் இருபுறமும் முழுத்திரையில் கறுப்பாகவே இருக்கும்.

பயனரின் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் உலாவியில் சாளரத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரம் தோன்றுகிறது. 2019-இல் 9.0 பதிப்பில் வந்த இந்த ஓரம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. உங்கள் திரையின் துல்லியமான அளவைக் கொண்டு உங்களை அடையாளம் காண முடியாதபடி, பக்கத்தின் அளவு குறிப்பிட்ட படிகளில் மட்டும் மாறும்படி செய்திருக்கிறார்கள். அதை நீக்க வழி தேடுவது தீங்கு.

தொலைக்காட்சியைக் கணினித் திரையாக இணைத்திருந்தால் நான்கு ஓரமும் வெட்டுப்படலாம். அது தொலைக்காட்சி தன் பழைய வழக்கப்படி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவது. அதன் பட அமைப்பில் மாற்ற வேண்டும்.

## இது ஏன் அழகுப் பிரச்சினை மட்டுமல்ல

முழுத்திரையில் முகவரிப் பட்டை இல்லை. எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று காட்டும் ஒரே சாட்சி அது. 2012-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், முழுத்திரைக்குப் போன பக்கம் ஒன்று போலி முகவரிப் பட்டையையும் பூட்டுக் குறியையும் தானே வரைந்து வங்கியின் தளம் போல நடிக்க முடியும் என்று செய்துகாட்டினார். பயனர் சொடுக்காமல் பக்கம் தானாக முழுத்திரைக்குப் போக முடியாது என்ற விதியும், "வெளியேற எஸ்கேப் அழுத்துங்கள்" என்று மேலே தோன்றும் அறிவிப்பும் இத்தகைய ஏமாற்றைத் தடுக்கவே இருக்கின்றன. காட்சிக் குலைவு அந்த அறிவிப்பை மறைத்தாலோ, வெளியேறிய பின்னும் முகவரிப் பட்டை திரும்பாமல் போனாலோ, அது பாதுகாப்புப் பிழையாகிவிடுகிறது. அந்த நிலையில் கடவுச்சொல்லோ அட்டை எண்ணோ தட்டச்சு செய்யக் கூடாது. உலாவியை மூடிவிட்டுத் திறப்பதே சரி.

## எந்த வரிசையில் சோதிப்பது?

1. எஃப்11, வீடியோப் பொத்தான் இரண்டையும் தனித்தனியே முயலுங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.
2. சாளரத்தைச் சாதாரண அளவில் வைத்து ஒருமுறை, பெரிதாக்கி ஒருமுறை முழுத்திரைக்குப் போய்வாருங்கள். பெரிதாக்கியபோது மட்டும் குலைந்தால் விளிம்புக் கணக்கு.
3. வேறொரு தளம், பிறகு வேறோர் உலாவி. குரோமும் எட்ஜும் ஒரே அடித்தளத்தைக் கொண்டவை. ஆகவே ஒப்பிட ஃபயர்ஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.
4. ஃபயர்ஃபாக்ஸின் பழுதறி முறையில் திறந்து பாருங்கள். அது நீட்சிகளையும் (உலாவியில் சேர்த்த கூடுதல் நிரல்கள்) தோற்ற மாற்றங்களையும் நிறுத்துவதோடு வன்பொருள் முடுக்கத்தையும் நிறுத்துகிறது. கோளாறு மறைந்தால் "நீட்சிதான் காரணம்" என்று அவசரப்பட்டு முடிவுசெய்யாமல், முடுக்கத்தை மட்டும் தனியே நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள்.
5. கடைசியாக, கோளாறு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் கைப்பேசியால் திரையின் புகைப்படம் ஒன்றும் எடுங்கள். இரண்டிலும் குலைவு தெரிந்தால் அது சேர்ப்பிக்கு முன்பே நேர்ந்தது; பக்கமோ உலாவியோ சாளர மேலாளரோ பொறுப்பு. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாகவும் புகைப்படம் குலைந்தும் இருந்தால் பிழை அதற்குப் பிந்தையது: டிரைவர், கேபிள், திரை. சந்தாத் தளங்களின் காப்புரிமைப் பாதுகாப்புள்ள வீடியோக்கள் ஸ்கிரீன்ஷாட்டில் எப்போதும் கறுப்பாகவே வரக்கூடும் என்பதால், இந்தச் சோதனையைச் சாதாரண வீடியோ ஒன்றில் செய்ய வேண்டும். பிழையைத் தெரிவிக்கும்போது இரண்டு படங்களையும், திரையின் அளவையும் பெருக்கச் சதவீதத்தையும், பணிப்பட்டை தானே மறையும் அமைப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.